மகன் நாடகம் எழுதப் போகிறேன் என்கிறான்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்த பிள்ளை கலைப்பிரிவு கேட்டு நிற்கிறான் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அவனை மறிக்காதேங்கோ.

முதலில் சாப்பாட்டுக் கதை. எழுத்தை மட்டும் நம்பி யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்துவது கடினம். 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கமும் ஆசிரியராக இருந்தவர்தான். நாடகமும் அரங்கியலும் பள்ளிக்கூடப் பாடம் என்பதால் அதற்கு ஆசிரியர் தேவை. உயர்தரத்தில் அதையும் தமிழையும் எடுக்கட்டும். மூன்றாவது பாடத்தை அவனே தெரிவுசெய்யட்டும். பிறகு யாழ். பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது.

அவன் அனுப்பிய காட்சியைப் பார்த்தேன். வெளிநாடு போகும் மகனிடம் தாய், "நீ போறது எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்கிறா. அந்த வரியை வெட்டிவிட்டு, கட்டி முடித்த மிளகாய்த்தூள் பார்சலை அவ திரும்ப அவிழ்த்துக் கட்டுவதாக எழுதச் சொன்னேன். மறுநாளே எழுதி அனுப்பினான், என் யோசனையைவிட நன்றாக: மகனும் வந்து கயிற்றின் மற்ற நுனியைப் பிடிக்கிறான், இருவரும் பேசவில்லை. அதை வாசித்த பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். சொன்னதும் கோபிக்காமல் திருத்துகிற பிள்ளை இந்தத் தொழிலில் நிலைப்பான்.

தொலைக்காட்சி வேறு உலகம். அரைமணி நேரத் தொடர் என்றாலும் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடமளவில்தான் கதைக்கு மிஞ்சும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டு, காட்சி ஒழுங்கை முதலில் எழுத வேண்டும். கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் மூன்று பேர் எழுதுவதும் உண்டு. புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் வசனம்தான்.

ஒன்றை மட்டும் அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கோ. இளவயதில் நான் ஒரு தொடருக்கு வாய்ப்பேச்சை நம்பி ஆறு பாகம் எழுதிக் கொடுத்தேன். காசும் வரவில்லை, பெயரும் வரவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே அது எழுதியவனுடையது, பதிவு தேவையில்லை. ஆனாலும் பாகத்துக்கு எவ்வளவு, பெயர் எப்படி வரும் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பிரதியைக் கொடுக்கக் கூடாது.

வாற சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. அந்தப் பார்சல் காட்சியை நீங்களும் அவனும் வாசித்துக் காட்ட வேணும்.