‘ஏஐ எழுதிய செய்தி’ என்கிறார்கள்: வழக்கு யார் மேல்?

கேள்வி: பத்து வருடமாக வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மூன்று வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பரவியது. டிவி சேனல் லோகோவோடு, ஏஐ செய்தி வாசிப்பாளர் ஒருவர் என் மிளகாய்ப் பொடியில் செங்கல் தூள் பிடிபட்டதாக வாசிக்கிறார். “ஆமா, கலந்தேன்” என்று என் குரலே கேட்கிறது. நான் அப்படிப் பேசவே இல்லை. எந்த ரெய்டும் நடக்கவில்லை. உள்ளூர் செய்தி இணையதளம் ஒன்று அதை அப்படியே செய்தியாகப் போட்டது. கேட்டால், “ஏஐ எழுதியது, தானாக ஏறிவிட்டது” என்கிறார்கள். போலீஸில், “இது அவதூறு, கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். 11 கடைக்காரர்கள் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 11 கடைகளின் பெயர், மாதம் எவ்வளவு சரக்கு எடுத்தார்கள், எந்தத் தேதியில் நிறுத்தினார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். நஷ்டஈட்டு வழக்குக்கு அதுவும் உங்கள் பில் புத்தகமும்தான் அஸ்திவாரம்.

‘ஏஐ எழுதியது’ என்ற பதில் சட்டத்தில் நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 356-ஆம் பிரிவு, அவதூறை உருவாக்கியவரோடு வெளியிட்டவரையும் குற்றவாளியாக்குகிறது. சாஃப்ட்வேர் மேல் வழக்குப் போட முடியாது. அதைத் தன் தளத்தில் ஓடவிட்டவர்தான் வெளியிட்டவர். நல்லெண்ணத்தில் போட்டோம் என்பார்கள். உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு ஒரு போன் செய்து கேட்டிருந்தால் போதும், உண்மை தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் கிரிமினல் வழக்கில், பெயர் கெடும் என்று தெரிந்தோ, கெடும் என்று நம்பக் காரணம் இருந்தோ வெளியிட்டார்கள் என நாம் காட்ட வேண்டும். ‘எங்களுக்குத் தெரியாமலே ஏறிவிட்டது’ என்று அங்கேதான் நழுவப் பார்ப்பார்கள். அதனால் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: செய்தியை நீக்க வேண்டும், அதே இடத்தில் மறுப்பு போட வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகும் செய்தி அங்கேயே இருந்தால், தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

போலீஸ் சொன்னது பாதி சரி. அவதூறுக்கு மட்டும் என்றால் நீங்கள்தான் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் செய்ய வேண்டும். ஆனால் உங்கள் குரலைப் போலியாகச் செய்து, ஒரு சேனலின் லோகோவையும் ஒட்டியிருக்கிறார்கள். பெயரைக் கெடுக்க மின்னணுப் பதிவைப் போலியாக உருவாக்குவது அதே நியாய சன்ஹிதாவின் 336(4)-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம்; கோர்ட் உத்தரவு இல்லாமலே போலீஸ் வழக்குப் பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்டம்) பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லலாம்; குரலும் ஒருவரின் அடையாளமே என்று வாதிட இடமிருக்கிறது. மனுவில் ‘அவதூறு’ என்று தலைப்பிடாதீர்கள். ‘போலி வீடியோ, குரல் மோசடி’ என்று எழுதி மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்; அதற்கும் அசையவில்லை என்றால் நாகரிக சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3)-இன்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு.

அப்புறம் சாட்சியம். கோபத்தில் வீடியோவை அழித்துவிடாதீர்கள். ‘இது பொய்’ என்று எழுதி நீங்களே பரப்பவும் வேண்டாம். வந்த போனை அப்படியே வைத்திருங்கள். இணையதளச் செய்தியின் முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழை இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். இதையெல்லாம்விட வலுவானது ஒன்று உண்டு: ‘இவரிடம் ரெய்டு நடக்கவில்லை’ என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் 11 கடைகளுக்கும் போகட்டும். லோகோவைத் திருடக் கொடுத்த சேனலுக்கும் எழுதுங்கள்; அவர்களே மறுப்பு சொன்னால் ஊர் நம்பும்.

வீடியோ ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஏறியிருந்தால் அங்குள்ள குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஆள்மாறாட்டப் பதிவுகளை நீக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே 24 மணி நேரம்தான் கெடுவாக இருந்தது.

ஃபார்வர்டு செய்தவர்களையும் சட்டம் விடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவை 2018-இல் பகிர்ந்த வழக்கில், வெறுமனே ஃபார்வர்டு செய்ததாகச் சொன்ன நடிகர் எஸ்.வி.சேகரின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஏற்கவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தார் எல்லோர் மேலும் வழக்குப் போட வேண்டாம் என்பது என் யோசனை. முதலில் பரப்பியவரையும் இணையதளத்தையும் பிடியுங்கள்.

சிவில் வழக்குக்குச் செய்தி வெளியான நாளிலிருந்து 1 வருடம்தான் அவகாசம்; மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. வக்கீல் ஃபீஸுக்கு யோசித்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு.