ஆசியாசாட் செய்மதி ஒன்று சந்திரனைச் சுற்றி வந்தது உண்மையா? அப்படியானால் அதில் ஏன் நாங்கள் ரிவி பார்க்கவில்லை?

உண்மைதான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளம்.

தொண்ணூறுகளில் என் மாமாவுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் டிஷ் பூட்டும் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் நான் அவருக்கு ஸ்பானர் தூக்குகிற ஆள். பத்தடி வலை டிஷ்ஷை மொட்டை மாடியில் ஏற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கிழக்கே சற்றுத் தெற்குச் சாய்வாக, 60 பாகை அளவுக்கு நிமிர்த்தினால், 105.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேலே நிற்கிற செய்மதி கிடைக்கும். ஸ்டார் ரிவி வந்த இடம் அதுதான். கொஞ்சம் பிசகினாலும் படம் முழுக்கப் புள்ளி மழை. சரியாக விழுந்ததும் மாமா கம்பத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார். கடல் காற்றில் கறள் பிடித்து நட்டு இளகினால், அந்தக் கோட்டைப் பார்த்துத் திரும்ப வைக்கலாம்.

அந்த இடத்தில் முதலில் நின்றது ஆசியாசாட் 1. என்னைக் கேட்டால் சந்திரனுக்குப் போனதைவிட இதன் கதைதான் விசேஷம். 1984 பெப்ரவரியில் சலஞ்சர் விண்ணோடம் கொண்டுபோய் விட்ட வெஸ்டார் 6 என்ற அமெரிக்கச் செய்மதிதான் இது. மேலே தள்ளவேண்டிய மோட்டார் பழுதானதால் தாழ்ந்த பாதையிலேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி போய் அதைப் பிடித்து பூமிக்கே கொண்டுவந்தது. பிடித்த வீரர்கள் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய பலகையோடு விண்வெளியில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்! பகிடி பலித்தது. ஹொங்கொங்கிலிருந்த ஆசியாசாட் நிறுவனம் அதை வாங்க, திருத்தி, 1990 ஏப்ரல் 7 அன்று சீனாவின் லோங் மார்ச் 3 ரொக்கெட்டில் ஏற்றினார்கள். ஆக, நாங்கள் வெள்ளவத்தையில் வாய் பிளந்து பார்த்தது ஒரு செகண்ட்ஹேண்ட் செய்மதியை.

அதற்கு வயதாக, இடத்தைப் பிடிக்கவேண்டியது ஆசியாசாட் 3. 1997 நத்தார் நேரம் கசக்ஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புரோட்டான் ரொக்கெட்டில் போனது. கடைசிக் கட்ட எஞ்சின் இரண்டாம் தடவை ஏறத்தாழ 110 வினாடி எரியவேண்டும். ஒரு வினாடியில் நின்றுவிட்டது. செய்மதி பூமத்திய ரேகைக்கு 51 பாகை சரிந்த நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. முழு நட்டம் என்று காப்புறுதிக்காரர் கணக்கை முடித்தார்கள்.

அந்தச் செய்மதியைச் செய்த ஹியூஸ் நிறுவனம் மட்டும் விடவில்லை. செய்மதியின் சொந்த எரிபொருள் மிச்சம் இருந்தது. ஆனால் அந்தச் சரிவை நேரடியாக நிமிர்த்த அது காணாது. காலி வீதியில் பறக்கிற பஸ்ஸைத் திருப்புவது கஷ்டம், சந்தியில் ஊர்ந்து வருவதைத் திருப்புவது லேசு, இல்லையா? செய்மதியும் பூமியை விட்டுத் தூரம் போகப் போக வேகம் குறையும். எனவே சந்திரன் வரை தள்ளிவிட்டார்கள். திருப்புகிற வேலையில் பெரும்பங்கைச் சந்திரனின் ஈர்ப்பே செய்தது. 1998 மே மாதம் ஒரு சுற்று, ஜூனில் இன்னொரு சுற்று. சந்திரனை வைத்து மீட்கலாம் என்ற யோசனையை ஹியூஸிடம் கொண்டுபோனவர்களில் எட்வர்ட் பெல்ப்ரூனோ என்ற கணிதவியலாளரும் ஒருவர். ஹியூஸ் பிடித்த பாதை வேறு. பெருமை யாருக்கு என்ற இழுபறி பிறகும் நடந்தது.

51 பாகை, 8 பாகை அளவுக்கு இறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் எங்கள் டிஷ்ஷுக்கு அந்த 8 பாகையே ஆகாது. அத்தனை சரிவில் இருக்கிற செய்மதி வானத்தில் ஓர் இடத்தில் நிற்காது. ஒவ்வொரு நாளும் வடக்கும் தெற்குமாக அலையும். பத்தடி டிஷ்ஷின் பார்வையோ ஒன்றரைப் பாகை அகலம்தான். நாள் முழுக்க யாராவது மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அது ஆசியாசாட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. எச்ஜிஎஸ் 1 என்று பெயர் மாறி, பிறகு பான்அம்சாட் என்ற செய்மதி நிறுவனத்தின் கைக்குப் போய், 2002இல் ஓய்வு பெற்றது.

எங்களுக்குப் படம் காட்டியது அதற்குப் பதிலாகச் செய்த ஆசியாசாட் 3எஸ். 1999 மார்ச்சில், அதே புரோட்டானில்தான்! இந்தத் தடவை பிசகவில்லை, நேரே 105.5க்கு வந்து நின்றது. செய்மதி மாறினால் வீட்டுக்கு வீடு டிஷ் திருப்ப ஆள் கூப்பிடுவார்கள் என்று மாமா இரண்டு பை நட்டு வாங்கி வைத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லா மாடியிலும் சிவப்புக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.