பேய்க்கோபுரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாங்காக்கில் சபான் தாக்சின் ரயில் நிலையத்தருகே சாத்தோர்ன் யுனிக் என்ற 49 மாடிக் கட்டடம் கண்ணாடிகூட இல்லாமல் நிற்கிறது. பேய்க்கோபுரம் என்கிறார்கள். கான்கிரீட் வேலை முடிந்துவிட்டதே, மிச்சத்தைப் பூசி விற்றால் என்ன? இல்லையென்றால் இடித்தாவது தொலைக்கலாமே?

க.ம., திருச்சி

அன்புள்ள க.ம.,

1990இல் தொடங்கி, 1997இல் தாய்லாந்து நாணயமான பாத் சரிந்து நிதி நிறுவனங்கள் படுத்தபோது நின்ற வேலை. 80 சதவீதம் முடிந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு 1997க்குச் செல்லும், இன்றைக்குச் செல்லாது.

கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அது குறைந்துகொண்டே போகும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பது எளிது. கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, காரத்தைக் காட்டும் ஃபினால்ஃப்தலீன் என்ற திரவத்தைத் தெளிக்க வேண்டும். காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், 20 மில்லிமீட்டர் இருந்து, நிறம் மாறாத பகுதி 25 மில்லிமீட்டர் போயிருந்தால் கம்பிக்குக் காவல் இல்லை. ஆனால் காவல் போனாலும் ஈரம் படாத உள்ளறைக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காது. நனைந்து காய்ந்து, மறுபடி நனையும் பால்கனி விளிம்புதான் முதலில் போகும். துரு உப்பி, கவர் பத்தை பத்தையாகக் கழன்று விழும். அதன்மேல் பூசினால் பூச்சும் சேர்ந்து விழும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும்வரை கொத்தி, துருவைச் சுத்தமாக எடுத்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். ஒரு பால்கனிக்கே இவ்வளவு. 49 மாடிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லிஃப்ட், வயரிங், குழாய் எல்லாம் புதிதாகத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் நிலநடுக்க விதி. பாங்காக்குக்கு அது 2007இல் வந்தது, இது அதற்கு முந்தைய வரைபடம். அந்த ஊரின் மென்களிமண், தொலைதூர நடுக்கத்தின் மெதுவான ஆட்டத்தைப் பெருக்கிவிடும். அதில் உயரக் கட்டடங்கள்தான் அதிகம் ஆடும். 2025 மார்ச் 28 அன்று மியான்மர் நடுக்கத்தில் அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வேறொரு கோபுரமே சரிந்தது.

இடிப்பதும் லேசல்ல. பக்கத்திலேயே ரயில் பாலம், எனவே வெடி வைக்க முடியாது. சிறிய எக்ஸ்கவேட்டரை உச்சிக்கு ஏற்றி, ஒவ்வொரு மாடியாகக் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இடிபாட்டு எடையைப் பழைய ஸ்லாப் தனியாகத் தாங்காது. கீழே இரண்டு மூன்று மாடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும்.