விடை தெரியும், கதை தெரியாது

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மாணவர்களை ஆங்கிலக் கதைகள் வாசிக்கப் பழக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பாடநூலையே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் இலக்கியம் பேசுவது நடக்கிற காரியமா? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத இந்தத் தலைமுறைக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்?
‍- ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் நெருக்கடியை நான் மறுக்கவில்லை, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன். ஆர்வமில்லை என்று ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கதை முழுதாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

நீங்கள் நடத்தும் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ இருக்கிறது. ஐரிஷ் மொழி பேசும் அரன் தீவில் பிறந்து, ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர் அவர். அண்ணன் தம்பிகளும் தங்கையும் பறந்து போய்விட, பாறை விளிம்பில் பசியோடு தனித்து நிற்கிறது ஒரு கடற்பறவைக் குஞ்சு. தாய்ப் பறவை அலகில் மீனோடு அருகில் வந்து, எட்டாத தூரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. பசி தாளாமல் குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, விழுகிறது, விழும்போதே அதன் சிறகு விரிகிறது. கூடப் படிப்பவனோடும் தம்பி தங்கையோடும் ஒப்பிடப்பட்டே வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா?

அந்தக் கதையை நாம் என்ன செய்கிறோம்? முதலில் அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிறகு ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று போவதால், பிள்ளையின் காது ஆங்கில வரியைத் தவிர்த்துவிட்டுத் தமிழ் வரிக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. தாய் ஏன் அந்தரத்தில் நின்றது என்று அவன் யோசிப்பதற்குள், கைடில் இருக்கும் விடையை அடிக்கோடிடச் சொல்லிவிடுகிறோம். துணைப்பாடத்தின் கதி இன்னும் மோசம். வாக்கியங்களை நிகழ்ச்சி வரிசைப்படி அமைக்கும் வினாவுக்கு முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அடையாளம் வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளை, கதையைத் திறக்காமலேயே தேர்வுக்கூடம் போய்த் திரும்புகிறான். மெல்லக் கற்போருக்கு என்று தரப்படும் மினிமம் மெட்டீரியலில், அதாவது தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கப் பாடக்குறிப்பில், கதைக்கு இடமே இல்லை. அதாவது, யாருக்குக் கதை மிகவும் தேவையோ அவர்களிடமிருந்துதான் அதை முதலில் பறிக்கிறோம்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு வாசிப்பு எதற்கு என்கிறீர்கள். அவர்களுக்குத்தான் வேண்டும். ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்திய ஆய்வு 1983இல் வெளியானது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத, நூல்களே அரிதான அந்த வகுப்புகளுக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைநூல்கள் கொடுக்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் வாய்விட்டு வாசித்துப் பிள்ளைகளோடு கதையைப் பேசினார். மற்றவற்றில் பிள்ளைகளே மௌனமாக வாசித்தார்கள். பாடத்திட்டத்தை மட்டும் பின்பற்றிய வகுப்புகளைவிட இரு தரப்பினருமே வாசிப்பில் வெகுவாக முன்னேறினார்கள். அவர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள்தான். ஆனால், உங்கள் மாணவர்களின் ஆங்கிலமும் அந்த நிலையில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கைபேசியைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. அதில் அவர்கள் பார்ப்பதில் பாதி கதைதான். கதைப்பசி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கிய பிறகு உங்களிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை, புதிய பாடம் தொடங்கும் நாளில், பொருள் சொல்லாமல், வினா கேட்காமல், கதையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். மேலே சொன்ன கதைக்குக் கால்மணி நேரம் போதும். தாய் அந்தரத்தில் நிற்கும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று மட்டும் கேளுங்கள். பதில் தமிழில் வந்தால் வரட்டும். சிந்தனை கதையின் மேல் இருக்கிறதா என்பதே அங்கு முக்கியம். விடைகளை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

வாரத்தில் ஒரு பாடவேளையைத் தனி வாசிப்புக்கு ஒதுக்குங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு படிநிலைகளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு மாணவனிடம் படக்கதையைக் கொடுத்தால் கூச்சப்படுவான், அது நியாயமான கூச்சம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு வெள்ளிக்கிழமை வாசித்துக்காட்ட வேண்டும், அதற்குத் தயார் செய்துகொள் என்று கொடுத்துப் பாருங்கள். அதே நூலைத் தானாகவே திரும்பத் திரும்ப வாசிப்பான். வாசித்த நூலுக்குச் சுருக்கம் எழுதி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் அவன் நூலைத் தொட மாட்டான்.

பள்ளி நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கு மட்டும் உரியதன்று. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை நூலக அறிவியலின் முதல் விதியாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அந்த விதியைச் சொன்ன அவருடைய நூல் சென்னையில் வெளியானது 1931இல். இன்றும் பல பள்ளிகளில் நூல்கள் பூட்டிய அலமாரியில் இருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. ஒரு நூல் தொலைந்தாலோ கிழிந்தாலோ இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு யார் பதில் சொல்வது என்ற அச்சம். பிள்ளைகள் புரட்டிக் கிழிந்த நூலுக்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று மாவட்டக் கல்வி அலுவலர்கள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தை உங்கள் ஆசிரியர் சங்கத்தின் வழியே கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் எங்களுக்கு அனுப்பினால், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.