வண்டியை ஓட்டியது யார் என்று மகனே சொல்லட்டும்

அன்புள்ள அம்மா,

பதினாறு வயது மகன் தந்தைக்குத் தெரியாமல் வண்டிச் சாவியை எடுத்து, நண்பர்கள் இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், தள்ளுவண்டியில் பழம் விற்கும் பெரியவர்மீது மோதியதில் அவர் கை முறிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "ஓட்டியது பெரியப்பா மகன் என்று சொல்லிவிடலாம், அவனுக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்று உறவினர்கள் வற்புறுத்துவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் தயவுசெய்து இணங்காதீர்கள்.

உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஆனால் சாவி எடுத்தது தமக்குத் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் தந்தையை அதே பிரிவு விடுவிக்கவும் செய்கிறது. பொய்யான ஓட்டுநரைக் காட்டினாலோ, விபத்தாக இருந்தது ஏமாற்று வழக்காக மாறும். தொடர்பே இல்லாத இன்னொரு பிள்ளையும் அதில் மாட்டிக்கொள்வான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சிறுவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

"அரசு வேலைக் கனவு போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. இத்தகைய வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்லும். அறிவுரை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற ஆணைகளையே அது பெரும்பாலும் பிறப்பிக்கும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24-ஆம் பிரிவில், சிறுவயதுக் குற்றத்தின் பெயரால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேரக்கூடாது என்றே சொல்கிறது.

இழப்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 199ஏ பிரிவின்படி 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காமல் போகலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை என்கிறீர்கள். அந்தப் பணிக்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோவோடு ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். இந்தச் செய்தியை அவனிடமிருந்து மறைக்காமல், கோபமில்லாத ஒரு மாலையில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அடி கொடுத்தால் அன்றிரவோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வான். இதை அவன் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நண்பர்களைப் பற்றிச் "சேர்க்கை சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வீடுகளிலும் இந்நேரம் உங்கள் மகனைப் பற்றி இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "இறங்குங்கடா என்று சொல்ல வாய் வரவில்லை, சிரிப்பார்கள்" என்று அவன் அழுதபடி சொன்னதாக எழுதிய ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். பதினாறு வயதில் நண்பர்கள் முன் சிறுமைப்படுவது சாவைப்போல் தோன்றும். அதற்காக அவனைக் கோழை என்று திட்டாதீர்கள். முகம் கோணாமல் மறுக்க அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும். "எங்கப்பா தினமும் கிலோமீட்டர் பார்க்கிறார்டா" என்று பழியைத் தந்தைமேல் போட்டுத் தப்பிக்கச் சொல்லிக்கொடுங்கள். தந்தையும் மெய்யாகவே தினமும் பார்க்கட்டும்.

அந்தப் பெரியவரைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, அவனையும் அழைத்துச் செல்லுங்கள். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சுவதற்காக அந்தப் பயணம் அமையக்கூடாது. தந்தை பக்கத்தில் நிற்கலாம். ஆனால் "நான்தான் ஓட்டினேன், ஐயா" என்பதைப் பையனே தன் வாயால் சொல்ல வேண்டும். கட்டுப்போட்ட கையால் அவர் தராசைத் தூக்க முடியாது, அன்றாடம் விற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும் என்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். கை குணமாகும் வரை காலையில் அவருடைய வண்டியைத் தள்ளிக்கொடுக்க அவனாகவே முன்வந்தால் தடுக்காதீர்கள்.

கடைசியாக, பள்ளியை நிறுத்திப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடும் முடிவு. பாலிடெக்னிக் நல்ல வழி. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ப்ளஸ் டூ முடித்தபின் டிப்ளமோவிலும் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு என்பதால் அவசரமே இல்லை. தண்டனையாகத் தரப்பட்ட படிப்பில் எந்தப் பிள்ளைக்கும் மனம் ஒட்டுவதில்லை. இந்தப் பள்ளியிலேயே, இந்த வகுப்புத் தோழர்கள் நடுவிலேயே அவன் ப்ளஸ் டூ முடிக்கட்டும். வரும் சனிக்கிழமை அவனை என்னிடம் அனுப்புங்கள். முதல் ஒரு மணி நேரம் நீங்கள் வெளியில் காத்திருக்க வேண்டியிருக்கும்.