தூண்டிலுக்குத் தடைக்காலம் தேவையா?

கேள்வி: நான் பொழுதுபோக்குக்காகத்தான் தூண்டில் போடுகிறேன். பிடித்த மீனை எடை பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். வலை போட்டு அள்ளுகிறவர்களுக்குத் தடைக்காலம் இருப்பது நியாயம். ஒரு மீனைக்கூடக் கொல்லாத எனக்கு அது எதற்கு?

பதில்: தாங்கள் கொல்லவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரையிலிருந்து பார்க்கும்போது நல்ல பலத்தோடு நீந்திப் போகிற மீன், அதன் பிறகு என்ன ஆனது என்பது நமக்குத் தெரிவதில்லை. தூண்டிலில் சிக்கிப் போராடும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது; அது வடிந்து மீன் பழைய நிலைக்கு வர மணிக்கணக்காகும், அதற்குப் பிராணவாயுவும் நிறைய வேண்டும். நன்னீரில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும்; 25 டிகிரியில் அது ஏறத்தாழ 8 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் வெயில் நாளில்தான் தண்ணீரும் கையை விரிக்கிறது.

முட்டையிடும் காலத்தில் இதன் மேல் இன்னொரு சுமையும் ஏறுகிறது. சினை முற்றிய பெண் கெண்டையை ஒருமுறை தெரியாமல் பிடித்துவிட்டேன். ஈரக் கைகளில் ஏந்தித் தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்குள், கடுகளவு மஞ்சள் முட்டைகள் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டன, கழுவினாலும் போகவில்லை. பாசியிலும் நாணல் வேரிலும் பற்றிக்கொள்வதற்காக இயற்கை வைத்த பசை அது. அந்த முட்டைகளுக்கு என் கையில் வேலை எதுவும் இல்லை. கரையோரப் பாசிக்குள் இறங்கி மிதிப்பதும், அதன் நடுவே தூண்டில் நரம்பை இழுப்பதும் முட்டைகளுக்குச் செய்யும் கேட்டைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வட அமெரிக்காவின் பாஸ் மீன்களிடம் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே கூட்டைக் காவல் காப்பது ஆண் மீன். சிறிய மீன்கள் கூட்டை நெருங்காதபடி அது சுற்றிச் சுற்றி வந்து விரட்டுகிறது. அந்த ஆணைத் தூண்டிலில் பிடித்துப் படம் எடுத்துவிட்டு உடனே விட்டாலும், அந்தச் சில நிமிடங்களுக்குள் காத்திருந்த மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. களைத்துத் திரும்பும் தகப்பன் கூட்டையே கைவிடுவதும் உண்டு. பிடித்தவர் ஒரு மீனைக்கூடக் கொல்லவில்லை என்பது அங்கேயும் உண்மைதான்.

கேள்வி: முன்பெல்லாம் பருவம் தொடங்கும் நாளுக்காகக் காத்திருப்போம். இப்போது ஆண்டு முழுவதும் கட்டணக் குளங்கள் திறந்திருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கை வணிகம் கெடுத்துவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: பாதி சொல்லலாம். இங்கிலாந்தின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே 1878ஆம் ஆண்டு, ஷெஃபீல்டு நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா முன்னின்று கொண்டுவந்த சட்டத்தால், சால்மன், டிரவுட் அல்லாத நன்னீர் மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம் வந்தது. ஜூன் 16 விடியற்காலை அந்த நாட்டுத் தூண்டில்காரர்களுக்குத் திருவிழா போல ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இப்படி நடந்த பிறகு, 1995இல் பெரும்பாலான குளங்கள், ஏரிகளுக்கும் 2000இல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் தடை நீங்கியது. ஆறுகளுக்கு இன்னும் இருக்கிறது.

தடை நீங்கியதற்கு வணிகம் மட்டுமே காரணம் என்பது சரியாகாது. வெட்டிய குளத்தில் வாங்கி விட்ட மீனுக்கும், ஆற்றில் தானே பெருகும் மீனுக்கும் ஒரே விதி எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் பிறகு நடந்ததில் வணிகத்தின் கை இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் நுழைவுச்சீட்டு விற்க வேண்டிய குளத்துக்காரர், வருகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று மீனை நெருக்கமாக விடுகிறார். ஒரே கெண்டை ஆண்டில் பலமுறை முள்ளைக் கவ்வுகிறது. உதடு கிழிந்து ஆறி மீண்டும் கிழிந்த மீன்களை அத்தகைய குளங்களில் பார்க்கலாம். இரை உருண்டை, மீன் கடித்தால் ஒலிக்கும் கருவி, கோல், கூடாரம் என்று விற்கிறவர்களுக்கும் மூன்று மாத ஓய்வு என்பது மூன்று மாத நட்டம். விளம்பரத்தை நம்பி நடக்கும் இதழ்கள் (நாங்களும் அந்த வகைதான்) ஓய்வெடுங்கள் என்று எழுதுவது அரிது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆறு மூடியிருக்கும் மூன்று மாதமும் தூண்டில்காரர்கள் வேறு வழியின்றிக் கட்டணக் குளத்துக்குத்தான் போகிறார்கள். ஆகவே தூண்டில் விற்பவருக்குத் தடைக்காலம் பகை, குளம் வைத்திருப்பவருக்கோ ஆற்றின் தடைக்காலம் வரவு. வணிகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே பக்கம் நிற்பதில்லை.

மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். எதிர்முள் (முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள், செதிலைச் சுரண்டாத மெல்லிய ரப்பர் வலை, மீனைக் கிடத்தி முள் கழற்றும் ஈரமெத்தை ஆகியவை பரவியதற்கு அந்தக் குளங்களின் கட்டாய விதிகளும் ஒரு காரணம். தன் மீன் செத்தால் தனக்குத்தான் நட்டம் என்று தெரிந்த முதலாளி போட்ட விதிகள் அவை. சக்கர நாற்காலியில் வருகிறவர் கரை வரை போக முடிகிற இடங்களும் பெரும்பாலும் இவைதான். ஆற்றங்கரைச் சேற்றில் அவருக்கு வழி இல்லை.

கேள்வி: மீன் நாட்காட்டி பார்த்தா முட்டையிடுகிறது? தேதியை விட்டுவிட்டு, தண்ணீரின் வெப்பநிலையை வைத்துத் தடையை முடிவு செய்யக் கூடாதா?

பதில்: உயிரியல் தங்கள் பக்கம் இருக்கிறது. பைக் மீன் வசந்தத்தின் தொடக்கத்திலேயே முட்டையிட்டுவிடும். கெண்டையோ தண்ணீர் ஏறத்தாழ 18 டிகிரியைத் தொடும்வரை பொறுத்திருக்கும். வசந்தம் குளிர்ந்து போன ஆண்டில், தடை முடிந்து தூண்டில்கள் விழும்போதுதான் கெண்டை கரையோரம் புரளத் தொடங்கும். பழுப்பு டிரவுட் இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும் முட்டையிடுவதால் அதன் தடைக்காலம் அந்த மாதங்களில் வைக்கப்படுகிறது. எல்லா மீனுக்கும் பொருந்தும் ஒரே தேதி கிடையாது.

ஆனால் சட்டத்துக்குத் தேதிதான் வசதி. காவலர் கரையில் நிற்பவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால் விவாதத்துக்கு இடமில்லை. தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டால், ஆழத்தில் ஓர் அளவும் ஓரத்தில் வேறோர் அளவும் வரும். எனவே ஆறுகளுக்குத் தேதி அப்படியே இருக்கட்டும் என்பேன். தடையில்லாத குளங்களிலும், ஜூன் 16 கடந்த ஆறுகளிலும் முடிவு நம் கையில் இருக்கிறது. விடியற்காலையில் நாணல் அசைந்து, முதுகுத் துடுப்புகள் வெளியே தெரிய, ஒரு பெண் மீனை நான்கைந்து ஆண்கள் துரத்தித் தண்ணீரை அடித்துக் கலக்குவதைக் கண்டால், அன்றைக்கு நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள். அந்த மீன்கள் பெரும்பாலும் இரை எடுக்கும் நிலையிலும் இருப்பதில்லை.