அப்பாவின் நினைவு மலரில் எதை எழுதுவது?

கேள்வி: மோட்டார் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து பொது மேலாளராக ஓய்வுபெற்ற என் அப்பா, சென்ற ஆண்டு காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் சிறிய மலர் ஒன்றை வெளியிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். வகித்த பதவிகளையும் வாங்கிய விருதுகளையும் போட்டால் போதும் என்கிறார் அண்ணன். எனக்கு நினைவிருப்பதோ, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் எங்கள் பள்ளிக்கூட நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த பிறகே சாப்பிட உட்காரும் அப்பா. எத்தனையோ விசேஷங்களுக்கு அவர் வராமல் போனதும் நினைவிருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது?
– வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். பதவிகளுக்கும் விருதுகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. எந்த ஆண்டில் எந்தப் பதவி உயர்வு கிடைத்தது என்பது நிறுவனத்தின் கோப்பிலேயே இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார், யாருக்காகப் பேசினார், எதற்கு இணங்க மறுத்தார் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. அவற்றை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.

அலுவலகத்து அப்பா, வீட்டு அப்பா என்று இரண்டு பேரை எழுத வேண்டியதில்லை என்பதற்கு, உங்கள் அப்பா இருந்த அதே மோட்டார் தொழிலிலிருந்து ஒருவரைச் சொல்கிறேன். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கி, 1955-இல் மறைந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பேருந்து வந்து நிற்பதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டு லாடங்களிலிருந்து சாலையில் உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்திக் கிழிக்காமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்ற செய்தியும் உண்டு. இளம் வயதிலேயே கணவரை இழந்த தம் மகள் சௌந்தரத்தை, கைம்பெண்கள் வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில், தில்லி லேடி ஹார்டிங் கல்லூரிக்கு அனுப்பி மருத்துவம் படிக்கவைத்த தந்தையும் அவரே. 1936-இல் மருத்துவரான அந்த மகள்தான் பின்னாளில், 1947-இல், சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் என்ற கிராம மேம்பாட்டு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். யாரோ ஒரு பயணி வழியில் நின்றுவிடக் கூடாதே என்று ஆணி பொறுக்கச் சொன்ன அக்கறையையும், மகளின் வாழ்க்கை பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று படிக்க அனுப்பிய துணிவையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தால், இரண்டுமே பாராட்டுரையாகச் சுருங்கிவிடும். அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் ஆள் தெரிகிறார்.

உங்கள் அப்பாவும் அப்படித் தெரிய வேண்டுமென்றால், முதலில் நீங்கள் சந்திக்க வேண்டியவர்கள் நிர்வாக இயக்குநர்கள் அல்லர். அவருடைய ஓட்டுநர், சுருக்கெழுத்தாளர், உற்பத்திப் பிரிவின் ஃபோர்மேன், ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் எதிர் வரிசையில் உட்கார்ந்த தொழிற்சங்கச் செயலாளர் ஆகியோரிடம் போய்க் கேளுங்கள். எதிரே உட்கார்ந்து வாதாடியவர் சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்கு, மேலிடம் அனுப்பும் இரங்கல் கடிதத்தைவிட மதிப்பு அதிகம். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுஷர்மா” என்று சொல்லிக் கண் கலங்குவார்கள், எழுத ஒன்றும் கிடைக்காது. “அவரிடம் திட்டு வாங்கிய நாள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றபோது அவர் வந்து என்ன செய்தார்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக ஓடும். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டிருக்கும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவர் வராமல் போன விசேஷங்களைப் பற்றியும் எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். “குடும்பத்துக்காகவே உழைத்தார்” என்ற வரியை எல்லா நினைவஞ்சலிகளிலும் பார்க்கிறோம். அது பொய்யல்ல, ஆனால் அவர் தொழிற்சாலையில் இருந்த நேரமெல்லாம் அந்தக் குடும்பத்தை நடத்தியவர் யார் என்பதை அந்த வரி மறைத்துவிடுகிறது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் தனியாகப் போய் நின்று “அவருக்கு ஆபீஸில் ஆடிட்” என்று பதில் சொன்னவர் உங்கள் அம்மா. அவர் இல்லாமல் அந்தப் பொது மேலாளரும் இல்லை. நோட்டுகளைப் புரட்டிய இரவுகளும் வராமல் போன மாலைகளும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவின் பாசத்துக்கு எவ்வளவு கொஞ்ச நேரமே மிஞ்சியது, அதை அவர் எப்படிச் செலவழித்தார் என்பது அப்போதுதான் புரியும். எழுதி முடித்ததும் முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். இந்த வரி வேண்டாம் என்று அவர் சொன்னால், வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அது அவருடைய வாழ்க்கையும்கூட.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளில் தேவார திருவாசகத்தோடு, மறைந்தவரின் வரலாற்றையும் வம்சாவளியையும் சேர்த்து ‘கல்வெட்டு’ என்ற பெயரில் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. அத்தகைய மலர்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற ஆவணக் காப்பக நிறுவனம் இன்று எண்ணிம (டிஜிட்டல்) வடிவில் பாதுகாத்து வருகிறது. உறவினர் கைக்கென்று அச்சிட்ட தாள்கள், ஓர் ஊரில் யார் எங்கே படித்தார்கள், எந்த வேலைக்குப் போனார்கள் என்பதைச் சொல்லும் ஆவணங்களாகிவிட்டன. நம் பக்கத்திலும் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவற்றில் கல்யாணப் பத்திரிகைகளும் இருந்தன. அவருடைய சேகரிப்பிலிருந்து உருவான நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. உங்கள் மலரையும் அந்தக் கண்ணோட்டத்தோடு தயாரியுங்கள். ஒவ்வொரு புகைப்படத்துக்கும் கீழே ஆண்டு, இடம், நிற்பவர்களின் முழுப்பெயர் ஆகியவை இருக்கட்டும். “நண்பர்களுடன்” என்று போட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. வம்சாவளிப் பக்கத்தில் மகள்களின் பெயரையும் மருமகள்களின் பெயரையும், அவர்கள் படிப்பு, வேலை விவரங்களோடு சேருங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பதவி விவரங்களும் புகைப்படங்களும் அண்ணன் பொறுப்பு, ஆட்களைச் சந்தித்து எழுதுவது உங்கள் பொறுப்பு. அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் எல்லாப் பெயர்களின் முன்னெழுத்தையும் அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.